பிடுங்கி எறிகிற பிள்ளைக்குக் காது மிஷினைப் பழக்குவது

பள்ளத்தூரில் கூட்டுக் குடும்பத்தில் இருக்கும் ஒரு தாயின் கேள்வி இது. மகளுக்கு 1 வயது 8 மாதம். இரண்டு காதிலும் கேட்கும் திறன் குறைவு என்று பெரா பரிசோதனையில் (ஒலிக்கு மூளை காட்டும் மின் பதிலை அளப்பது) தெரிந்து, சில வாரங்களுக்கு முன் இரண்டு காதுக்கும் கருவி பொருத்தியிருக்கிறார்கள். மாட்டிய மறு நிமிடமே பிடுங்கி எறிகிறாள். ஒரு முறை வாயில் போட்டுக் கடித்தும் விட்டாள். "பிள்ளையை அழ வைக்காதே, பள்ளிக்கூடம் போகிற வயதில் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார் மாமியார். கணவர் சிங்கப்பூரில் இருக்கிறார். என்ன செய்வது என்று கேட்கிறார்.

செவித்திறன் குறைந்த குழந்தைகளுக்கான சிறப்பாசிரியராகக் காரைக்குடிப் பக்கத்து வீடுகளுக்குப் போய்வருகிறவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மாமியாரின் பேச்சிலிருந்து தொடங்குகிறேன். அது முடியாமல் அந்த வீட்டில் மற்ற எதுவும் நடக்காது. காத்திருக்கக் கூடாது, அம்மா. பேச்சொலியைப் பிரித்தறிய மூளை பழகுவது முதல் மூன்று ஆண்டுகளில்தான் மிக வேகமாக நடக்கிறது. அந்தக் காலத்தில் ஒலி போய்ச் சேராவிட்டால், பின்னால் எவ்வளவு விலையுயர்ந்த கருவி வாங்கினாலும் பாதி வேலைதான் நடக்கும். பிறந்து 1 மாதத்துக்குள் முதல் பரிசோதனை, 3 மாதத்துக்குள் குறை உறுதி, 6 மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும் என்பதுதான் உலகெங்கும் மருத்துவர்கள் வைத்திருக்கும் இலக்கு. உங்கள் மகள் அந்த எல்லையைத் தாண்டித்தான் வந்திருக்கிறாள். இடிந்துபோகத் தேவையில்லை, ஆனால் இன்னும் தள்ளிப்போட இடமும் இல்லை. "அவள் அப்பாவே நாலு வயதில்தான் பேசினான்" என்ற கதை ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. அந்த அப்பாவுக்குக் காது கேட்டது என்பதை மட்டும் எடுத்துச் சொல்லுங்கள். "மிஷின் போட்டால் இருக்கிற காதும் மந்தமாகிவிடும்" என்பதும் தவறு. பரிசோதனை முடிவுப்படி சரியாக அளவு வைத்த கருவி காதைக் கெடுக்காது.

இனி பிடுங்குவதற்கு வருகிறேன். பிடுங்கியதுமே "இவளுக்குப் பிடிக்கவில்லை" என்று வீட்டில் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். பல பிள்ளைகள் தக்க காரணத்தோடுதான் பிடுங்குகின்றன, காரணத்தைச் சொல்லத்தான் வாய் வரவில்லை. அதனால் இரண்டு மூன்று நாள் ஒரு வேலை செய்யுங்கள். எப்போது பிடுங்குகிறாள் என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். நேரம் தெரிந்தால் காரணமும் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

மாட்டிய உடனே கை போகிறதென்றால் சந்தேகம் மோல்டு மீது. காதுக்குள் உட்காரும் அந்தச் சிலிகான் அச்சு எங்கோ குத்துகிறது. கழற்றியதும் காது மடலின் உட்பள்ளத்தையும் மடலுக்குப் பின்புறத்தையும் பாருங்கள். சிவந்து தடித்திருந்தாலோ தோல் உரிந்திருந்தாலோ பழக்கத்தைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை, மோல்டைத் திருத்தித் தரச் சொல்லுங்கள். காதில் சீழ், நாற்றம், காய்ச்சல், தொட்டாலே அழுகை என்றால் கருவியை ஒதுக்கி வைத்துவிட்டு முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். 'கீ' என்று விசில் அடிக்கிறதென்றால் மோல்டு சரியாக உள்ளே போகவில்லை, அல்லது காது வளர்ந்து மோல்டு தளர்ந்துவிட்டது. இந்த வயதில் சில மாதங்களுக்கு ஒரு முறை புது மோல்டு எடுக்க வேண்டியிருக்கும். அது செலவுதான். ஆனால் தளர்ந்த மோல்டோடு ஓட்டுவதில் மிச்சமாகும் காசு பிள்ளையின் பேச்சிலிருந்து பிடுங்கியது.

நன்றாகப் போட்டுக்கொண்டிருந்தவள் மிக்ஸி ஓடும்போதோ, பித்தளைத் தாம்பாளம் தரையில் விழும்போதோ, பிள்ளைகள் கும்பலாகக் கத்தும்போதோ மட்டும் பிடுங்குகிறாளா? அப்படியானால் பெருஞ்சத்தத்துக்கு வைத்திருக்கும் மேல் வரம்பு அவளுக்கு அதிகமாக இருக்கலாம். கேட்கும் திறனைச் சோதித்துக் கருவிக்கு அளவு வைக்கும் ஆடியாலஜிஸ்டிடம் இதையே சொல்லுங்கள். வரம்பைக் குறைத்து வைக்கவும், ஒலியைச் சிறிது சிறிதாகக் கூட்டவும் அவரால் முடியும். வீட்டிலேயே நீங்களாக வால்யூமைக் குறைக்க வேண்டாம். குழந்தைகளுக்கான கருவிகளில் அந்தப் பொத்தானைப் பூட்டியே கொடுப்பதும் அதற்காகத்தான்.

தூக்கம் வரும்போதும் பசிக்கும்போதும் பிடுங்கினால் அது சாதாரணம். தூங்கும்போதும் குளிக்கும்போதும் கருவி வேண்டாம்.

நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது மட்டும், உங்கள் முகத்தையே பார்த்தபடி பிடுங்குகிறாளா? அது விளையாட்டு. அவள் எறிந்தால் அம்மா ஓடி வருகிறாள், அப்பத்தா "ஐயையோ" என்கிறார், சித்தி கட்டிலுக்கு அடியில் குனிந்து தேடுகிறாள். 20 மாதப் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய வேடிக்கை ஏது?

இதையெல்லாம் பார்ப்பதற்கு முன்னால், கருவி வேலை செய்கிறதா என்று தினமும் காலையில் பார்த்தாக வேண்டும். பேட்டரி தீர்ந்த கருவி காதை அடைத்த பஞ்சுதான். இருக்கிற கொஞ்சம் கேட்கும் திறனையும் மறைத்துவிடும். அதைப் பிடுங்கி எறிகிற பிள்ளை புத்திசாலி என்றே நான் சொல்வேன்.

சோதிப்பதற்கு ஸ்டெதோகிளிப் என்று ஒரு குழாய் உண்டு. டாக்டரின் ஸ்டெதாஸ்கோப் மாதிரி இருக்கும், விலை அதிகமில்லை, கருவி வாங்குகிற இடத்திலேயே கேளுங்கள். தேவகோட்டைப் பக்கம் ஒரு வீட்டில் அப்பத்தாதான் இந்த வேலையைப் பார்க்கிறார். காலைக் காப்பி முடிந்ததும் வளவின், அதாவது நடு முற்றத்தின், ஓரத்தில் தூணில் சாய்ந்து உட்காருவார். குழாயின் ஒரு முனையை மோல்டில் பொருத்தி, மற்ற இரண்டு முனையையும் தன் காதுகளில் செருகிக்கொண்டு, கருவியைக் கை நீளத்தில் பிடித்தபடி 'ம்', 'ஊ', 'ஆ', 'ஈ', 'ஷ்', 'ஸ்' என்று சாதாரணக் குரலில் சொல்லுவார். பேச்சின் அடிக்குரலிலிருந்து உச்சி வரைக்கும் இந்த ஆறு ஒலிக்குள் அடங்கிவிடும். லிங் சோதனை என்று இதற்குப் பெயர். ஒரு நாள் நான் போயிருந்தபோது நீலக் குறியுள்ள கருவியை மடியில் வைத்துவிட்டு, "இது அமுங்கிப் பேசுகிறது, 'ஸ்' விழவே இல்லை" என்றார். மோல்டுக் குழாயைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் உள்ளே ஒரு துளி வியர்வை நின்றது. காற்றடிக்கும் ரப்பர்ப் பந்தால் இரண்டு முறை காற்றடித்ததும் சரியாகிவிட்டது. அந்த அம்மாளுக்குக் கையெழுத்துப் போடவும் தெரியாது. உங்கள் மாமியாரிடம் வாதம் செய்வதைவிட இந்த வேலையை அவரிடம் ஒப்படைத்துப் பாருங்கள். காலையில் தானே சோதித்துக் கொடுத்த கருவியை எதிர்த்து மாலையில் பேச யாருக்கும் மனம் வராது. மகளுடையது சக்தி வாய்ந்த கருவி என்றால் சோதிக்கும்போது காதுக்குப் பக்கத்தில் வைத்துக் கத்தக் கூடாது என்பதை மட்டும் சொல்லிவையுங்கள். சிவப்புக் குறி வலக் காது, நீலக் குறி இடக் காது.

மாட்டுகிற விதமும் முக்கியம். எதிரே உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு போனால் எந்தப் பிள்ளையும் தலையைத் திருப்பும். மடியில் உங்களுக்கு முதுகு காட்டி உட்காரவைத்து, கையில் ஏதாவது கொடுங்கள். இரண்டு கையும் வேலையாக இருக்கிற பொருளாக இருக்க வேண்டும். ஒரு டப்பாவில் நாலு பாக்கு, மூடித் திறக்க ஒரு சின்னச் செம்பு, எதுவானாலும் சரி. வாயில் போட்டால் தொண்டையில் சிக்கும் அளவுப் பொருள் என்றால் டப்பாவின் மூடி அவளால் திறக்க முடியாததாக இருக்கட்டும். காது மடலை மெல்லப் பின்னும் மேலுமாக இழுத்து மோல்டின் முனையை உள்ளே விட்டு, லேசாகத் திருகினால் உட்காரும். போக மறுத்தால் ஆடியாலஜிஸ்ட் தருகிற நீர்த்தன்மையுள்ள ஜெல்லை ஒரு பொட்டு தடவலாம். தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள், துளையை அடைத்துவிடும். மாட்டிய கையோடு எழுந்து போய்விடாமல், அவளுக்குப் பிடித்த ஒன்றைத் தொடங்குங்கள். ஊஞ்சல் இருக்கிற வீடென்றால் ஊஞ்சல். கன்றுக்குட்டியைப் பார்க்கப் போவது. வாழைப்பழம். கருவி ஏறியதும் நல்லது ஒன்று நடக்கிறது என்பது சில நாளில் அவளுக்குப் புரிந்துவிடும்.

பிடுங்கினால் முகத்தில் ஒன்றும் காட்டாமல் எடுத்து, துடைத்து, மறுபடி மாட்டுங்கள். திட்டும் வேண்டாம், கெஞ்சலும் வேண்டாம், "ஐயையோ" கூடவே கூடாது. மூன்றாம் முறையும் பிடுங்கினால் ஐந்து நிமிடம் விட்டுவிட்டு மறுபடி மாட்டுங்கள். அந்த ஐந்து நிமிட முடிவில் கட்டாயம் மாட்ட வேண்டும், அதுதான் கடினம். அழுது பிடுங்கினால் அன்றைக்கு விடுதலை என்று ஒரு முறை கற்றுக்கொண்டால் அடுத்த நாள் இருமடங்கு அழுவாள். கழற்றுகிற வேலை பெரியவர்களுடையது என்பதை வீட்டுச் சட்டமாக்குங்கள். அவள் பத்து நிமிடம்தான் தாங்குவாள் என்றால் எட்டாவது நிமிடத்தில் நீங்களே சிரித்துக்கொண்டு கழற்றிவிடுங்கள். மறுநாள் கொஞ்சம் நீட்டுங்கள். ஒவ்வொரு நாளும் சட்டை போட்டுவிடும்போது அவளிடம் சம்மதம் கேட்டுக்கொண்டு நிற்பதில்லை அல்லவா? அதே சாவதானம் இதிலும் வேண்டும்.

எவ்வளவு நேரம்? விழித்திருக்கும் நேரம் முழுவதும் என்பதுதான் இலக்கு. இந்த வயதில் நாளுக்குப் பத்து மணி நேரம் வரை வரும். ஒரே நாளில் அங்கே போய்ச் சேர முடியாது. ஆனால் மாதக்கணக்கில் அரை மணி நேரத்திலேயே நிற்கவும் கூடாது. பொருத்திச் சில வாரங்களில் அரை நாளாவது தாண்டியிருக்க வேண்டும். தாண்டவில்லையென்றால் மேலே சொன்ன காரணங்களில் ஒன்று இன்னும் தீராமல் இருக்கிறது.

எறிவதால் தொலையாமல் இருக்க, சட்டையின் முதுகுப் பக்கத்தில் குத்தும் கிளிப்போடு சின்னக் கயிறு கிடைக்கும். கயிறு குட்டையாகவே இருக்கட்டும், நீண்டால் கழுத்தில் சுற்றும். காதுக்குப் பின்னால் ஒட்டுவதற்கு இருபுறமும் பசையுள்ள டேப் உண்டு. நம் ஊர் வெயிலில் மதியத்துக்குள் வியர்வையில் கழன்றுவிடும் என்பதால் எனக்கு அதில் பெரிய நம்பிக்கையில்லை. மெல்லிய பருத்தித் துணியில் பட்டையோ குல்லாவோ தைத்துப் போடலாம். கனத்த துணி மைக்கை மூடிவிடும்.

இனி செட்டிநாட்டு வீடுகளுக்கே உரிய ஒரு தொல்லை. இதைப் பற்றி வெளியூர் ஆடியாலஜிஸ்ட் சொல்லியிருக்க மாட்டார், அவர் உங்கள் வீட்டைப் பார்த்ததில்லை. பெரிய வீடு, உயர்ந்த கூரை, சுண்ணாம்பும் முட்டை வெண்கருவும் சேர்த்து இழைத்துக் கண்ணாடி போல் தேய்த்த சுவர், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, பர்மா தேக்குத் தூண். பார்க்க அழகு. ஆனால் இவற்றில் எதுவும் ஒலியை உறிஞ்சாது, எல்லாமே திருப்பி அடிக்கும். முகப்பில் நின்று ஒரு சொல் சொன்னால் அதன் வால் அடங்குவதற்குள் அடுத்த சொல் வந்து மேலே ஏறுகிறது. நம் காது அதைப் பிரித்துக்கொள்ளும். கருவி வழியாகக் கேட்கிற பிள்ளைக்கு எல்லாம் ஒரே இரைச்சலாகப் போய்ச் சேரும். "கருவி போட்டும் கூப்பிட்டால் திரும்பவில்லை" என்று முகப்பிலிருந்தும் பின்னால் உள்ள இரண்டாங்கட்டிலிருந்தும் கூப்பிட்டுப் பார்த்துச் சொல்கிறார்கள். அங்கிருந்து கூப்பிட்டால் எனக்கே சரியாகக் கேட்காது.

ஆகவே பழக்குவதற்கு வீட்டிலேயே மிகச் சின்ன அறையைத் தேர்ந்தெடுங்கள். பத்தாயமோ பழைய துணி மூட்டையோ அடைத்து வைத்திருக்கும் அறையாக இருந்தால் இன்னும் நல்லது, துணியும் சாமானும் எதிரொலியைக் குறைக்கும். தரையில் ஜமுக்காளம் விரியுங்கள், அதன் மேல் மெத்தையைப் போடுங்கள், கதவுக்கும் ஜன்னலுக்கும் கனத்த திரை கட்டுங்கள். டி.வி. ஓடக் கூடாது. நம் வீடுகளில் யாரும் பார்க்காத நேரத்திலும் சீரியல் ஓடிக்கொண்டே இருக்கிறது. கருவிக்குச் சீரியலும் நீங்களும் ஒன்றுதான், இரண்டையும் பெருக்கிக் கொடுக்கும். மேசை விசிறியை நேராகக் காதுக்கு எதிரே வைத்தால் மைக்கில் காற்று உரசி வெறும் இரைச்சலாகக் கேட்கும், திருப்பி வையுங்கள்.

இதைவிடப் பெரிய மருந்து தூரத்தைக் குறைப்பது. எதிரொலி இல்லாத இடத்தில்கூட, தூரம் இரட்டிப்பானால் ஒலியின் அளவு 6 டெசிபல் குறையும். 3 அடியில் கேட்ட குரல் 6 அடியிலேயே தேயத் தொடங்கிவிடும். அதனால் பேச வேண்டியது இருந்தால் எழுந்து அவளிடம் போங்கள். தரையில் உட்கார்ந்து, கை எட்டும் தூரத்தில், உங்கள் முகத்தில் வெளிச்சம் விழும்படி இருந்து, சாதாரணக் குரலில் பேசுங்கள். கத்தினால் வாயசைவும் சொல்லும் கோணுகின்றன, கருவியும் ஒலியை நெரித்துத்தான் கொடுக்கும்.

என்ன பேசுவது என்று கேட்காதீர்கள். செய்கிற வேலையையே சொல்லிக்கொண்டு செய்யுங்கள். "குக்கர் கத்துகிறது பார்" என்று காதைத் தொட்டுக் காட்டி அடுக்களைக்குத் தூக்கிப் போய்க் குக்கரைக் காட்டுங்கள். தெருவில் ஐஸ் வண்டி மணி, வாசலில் மோட்டார் பைக், கொல்லையில் சேவல், பக்கத்துக் கோயில் உச்சிகால மணி, எதுவானாலும் சத்தம் வந்ததும் நின்று, காதைத் தொட்டு, வியந்து, அது எங்கிருந்து வந்தது என்று கொண்டுபோய்க் காட்ட வேண்டும். சத்தத்துக்கு ஒரு முகம் உண்டு என்று தெரியாத வரைக்கும் கருவி அவளுக்குக் காதில் ஒரு கனம்தான். தாலாட்டுத் தெரிந்த அப்பத்தா இருந்தால் பகலிலும் மடியில் வைத்துப் பாடச் சொல்லுங்கள். வாய் கருவிக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தால் போதும். உடனே பேச்சு வராது. மகளுக்கு 20 மாதமானாலும் அவள் கேட்கத் தொடங்கிச் சில வாரம்தான் ஆகிறது. மற்றப் பிள்ளைகள் கேட்கத் தொடங்கி ஓராண்டு கழித்துத்தான் முதல் சொல்லைச் சொல்கின்றன. அதற்கு முன்னால் பார்க்க வேண்டிய அடையாளங்கள் வேறு: சத்தம் வந்ததும் கையிலிருந்த பொம்மை நிற்பது, கண் விரிவது, கருவி போட்டதும் தானாக 'ஆ ஆ' என்று குரல் கொடுத்துப் பார்ப்பது. மாட்டியிருக்கும்போது வாயாடுகிறாள், கழற்றினால் அமைதியாகிறாள் என்றால் நீங்கள் பாதி தூரம் வந்துவிட்டீர்கள்.

எண்ணெய், பவுடர், சந்தனம் மூன்றும் கருவிக்குப் பகை. தலைக்கு எண்ணெய் வைத்தால் காதின் பின்புறத்தைத் துணியால் நன்றாகத் துடைத்த பிறகே மாட்டுங்கள். சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்குத் தடையில்லை, ஆனால் காதுக்குள் சூடான எண்ணெய் விடுகிற பழக்கம் நிற்கட்டும். பவுடர், மை, சாம்பிராணிப் புகை எல்லாம் முடிந்து கடைசியாக ஏற வேண்டியது கருவி. குலதெய்வம் கோயிலில் முடியிறக்கினால் மொட்டைத் தலையில் சந்தனம் பூசுவார்கள். அது வழிந்து மைக் துளையில் காய்ந்து கல்லாகிவிடும், இரண்டு நாள் காதோரம் விட்டுப் பூசச் சொல்லுங்கள். காது குத்து? தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத் தாராளமாகக் குத்துங்கள். துளை மடலின் அடியில், கருவி மேலே, ஒன்றுக்கொன்று இடைஞ்சல் இல்லை. புண் ஆறும் வரை மாட்டும்போது மடலைப் பார்த்து இழுக்க வேண்டும், அவ்வளவே. பிரச்சினை மாட்டலில் இருக்கிறது. காதணியிலிருந்து தலைமுடிக்குப் போகும் அந்தச் சங்கிலி கருவியின் மேலேயே உரசும், நாள் முழுவதும் பிள்ளையின் காதில் கரகரவென்று கேட்கும். அன்றைய போட்டோவுக்கு மட்டும் போட்டுக் கழற்றிவிடுங்கள்.

இரவில் கருவியின் பேட்டரிக் கதவைத் திறந்துவைத்து, சிலிகா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வையுங்கள். ரீசார்ஜ் வகையென்றால் அதன் பெட்டியிலேயே இருக்கட்டும். மோல்டைக் கருவியிலிருந்து கழற்றி வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவி, காற்றடித்து, காயவைத்து, காலையில் பொருத்துங்கள். கருவியில் தண்ணீர் படக் கூடாது.

உங்கள் கேள்வியில் என்னைத் திடுக்கிட வைத்தது, அவள் வாயில் போட்டுக் கடித்தாள் என்பதுதான். கருவிக்குள் இருக்கும் பொத்தான் பேட்டரியை விழுங்கி, அது உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால் 2 மணி நேரத்துக்குள்ளேயே சதையை அரிக்கத் தொடங்கிவிடும். மூக்கிலோ காதிலோ திணித்துக்கொண்டாலும் ஆபத்துத்தான். குழந்தைகளுக்கான கருவியில் பேட்டரிக் கதவுக்குப் பூட்டு இருக்கும். உங்களுடையதில் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள், இல்லையென்றால் போட்டுத் தரச் சொல்லுங்கள். புதுப் பேட்டரி அட்டையும் பழைய பேட்டரியும் பீரோவின் மேல் தட்டுக்குப் போகட்டும். தீர்ந்த பேட்டரியைக் குப்பைக் கூடையில் எறியாமல் எண்ணி ஒரு மூடிய டப்பியில் போட்டு வையுங்கள். ஒன்று குறைந்து, பிள்ளை விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே போதும். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், சாப்பாடு கொடுத்துத் தள்ளப் பார்க்காதீர்கள், எக்ஸ்ரே வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே போங்கள். விடியட்டும் என்று காத்திருக்கிற விஷயமில்லை. இந்தப் பேட்டரிகள் காற்றால் உயிர் பெறுபவை. ஒட்டியிருக்கும் தாளை உரித்து ஒன்றிரண்டு நிமிடம் காற்றில் வைத்த பிறகு கருவிக்குள் போட்டால் கூடுதலாக உழைக்கும்.

சிங்கப்பூரில் இருக்கும் அவள் அப்பாவுக்கும் இதில் வேலை இருக்கிறது. வீடியோ அழைப்பை அந்தச் சின்ன அறையில், போனை அவள் முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பேசுங்கள். அவர் முகம் திரை நிறையத் தெரியட்டும், ஒரே நேரத்தில் ஒருவர் மட்டும் பேசட்டும். கருவி மாட்டினால்தான் அப்பா வருவார் என்று ஒரு வழக்கம் வைத்துக்கொண்டால் சாயங்காலம் மாட்டுகிற சண்டை ஓயும். சில கருவிகளில் போன் ஒலியை ப்ளூடூத் வழியாக நேரே காதுக்கு அனுப்பலாம், உங்களுடையதில் உண்டா என்று கேட்டுப் பாருங்கள்.

சொந்தபந்தம் பற்றி ஒரு வார்த்தை. கலியாண வீட்டில் "சின்ன வயதிலேயே மிஷினா, பாவம்" என்று பிள்ளையின் முன்னாலேயே சொல்வார்கள். "கிரகணத்தில் வெளியே போனாயா" என்று உங்களிடம் கேட்பார்கள். நெருங்கிய சொந்தத்தில் திருமணம் நடந்த குடும்பங்களில் பிறவிச் செவிக்குறை கூடுதலாக வருவது உண்மைதான், கிரகணத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. யார் பக்கத்து ரத்தம் என்று பஞ்சாயத்து வைப்பதால் ஒரு ஒலிகூடப் பிள்ளையின் காதில் போய்ச் சேராது. முடியை இழுத்துவிட்டுக் கருவியை மறைக்காதீர்கள். மோல்டு பல நிறத்தில் கிடைக்கிறது. சிவப்பிலோ பச்சையிலோ எடுங்கள், தொலைந்தாலும் ஆத்தங்குடிக் கல் தரையில் கண்ணுக்குப் படும். சரி, பூப்போட்ட கல் என்றால் படாமலும் போகலாம்.

திருவிழாவில் என்ன செய்வது என்று அடுத்துக் கேட்பீர்கள். காரைக்குடி மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் கோயில் மாசி பங்குனித் திருவிழாவில் பால்குடம் வரும்போது கூட்டத்தோடு கொஞ்சம் தள்ளி நின்று பார்க்கலாம், கருவி இருக்கட்டும், மேளமும் ஒரு சத்தம்தான். வெடி போடுகிற இடத்திலும், குழாய் ஒலிபெருக்கிக்கு நேர் கீழேயும் நிற்க வேண்டாம். அங்கே நிற்கத்தான் வேண்டுமென்றால் அந்த நேரத்துக்குக் கழற்றிவிடுங்கள்.

அங்கன்வாடிக்கு அனுப்பத் தொடங்கும்போது டீச்சருக்கு மாட்டவும் கழற்றவும் விசில் வந்தால் என்ன செய்வதென்றும் நேரில் காட்டிக் கொடுங்கள், எழுதிக் கொடுத்தால் போதாது. அரசு உதவிக்குச் சிவகங்கை மாவட்டத்தவர்கள் சிவகங்கையில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போக வேண்டும். திருமயம் பக்கத்துச் செட்டிநாட்டு ஊர்க்காரர்களுக்கு அது புதுக்கோட்டை. அடையாள அட்டை, கருவி, ஆரம்பநிலைப் பயிற்சி மையம் பற்றியெல்லாம் அங்கே விசாரிக்கலாம். குழந்தைகளின் பிறவிக் குறைகளைக் கவனிக்க மாவட்ட அளவில் ஆரம்பநிலை இடையீட்டு மையமும் உண்டு. கருவி வாங்கியதோடு வேலை முடிந்தது என்று பயிற்சியை விட்டுவிடுகிறவர்கள்தான் இங்கே அதிகம். வாரம் ஒரு முறையாவது பயிற்சிக்குக் கூட்டிப் போங்கள்.

சில மாதம் ஒழுங்காகப் போட்டும், மோல்டு சரியாக இருந்தும், மேளத்துக்குக்கூடத் திரும்பவில்லை என்றால் குறை மிக அதிகமாக இருக்கலாம். அப்போது காக்ளியர் இம்ப்ளான்ட், அதாவது அறுவை சிகிச்சையில் உட்காதுக்குள் பொருத்தும் கருவி, பற்றிப் பேச்சு வரும். சிறு குழந்தைகளுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அந்த அறுவை சிகிச்சைக்கு இடமுண்டு. வயது கூடக் கூடப் பலன் குறையும் என்பதால் அதையும் தள்ளிப்போட முடியாது. கருவியைத் தொடர்ந்து போட்டுப் பார்த்தீர்களா என்றுதான் மருத்துவர் முதலில் கேட்பார். இம்ப்ளான்ட் வைத்த பிறகும் காதின் மேல் ஒரு வெளிக்கருவியை மாட்டித்தான் ஆக வேண்டும், ஆகவே இப்போது பழகியது வீணாகாது.

அடுத்த முறை ஆடியாலஜிஸ்டிடம் போகும்போது பிடுங்குகிற நேரம் குறித்த நோட்டையும் பழைய மோல்டையும் எடுத்துப் போங்கள். கருவியைக் கம்ப்யூட்டரில் இணைத்து, நாளுக்குச் சராசரியாக எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டச் சொல்லுங்கள். இப்போதைய கருவிகள் பலவற்றில் அந்தக் கணக்கு தானாகப் பதிவாகும். முடிந்தால் உங்கள் மாமியாரையும் கூடவே அழைத்துப் போங்கள், அந்த எண்ணை அவரும் பார்க்கட்டும்.